அஞ்சலை எழுதாத கடிதம்

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்னும் பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்துகொண்டுதான் இருக்கிறது. என் நாற்காலிக்கு வந்திருக்கும் ஸ்டெல்லா கெட்டிக்காரப் பெண், கம்ப்யூட்டரில் புலி. ஆனால் எந்த ரிஜிஸ்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! வாரத்துக்கு ஒரு தடவையாவது, "சார், பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர் எங்க சார் இருக்குது?" என்று கேட்பாள். நானும் மனைவியின் காதில் விழும்படி சத்தமாகவே பதில் சொல்வேன். நான் இல்லாமல் அந்த ஆபீஸ் ஓடவில்லை என்று வீட்டுக்கும் தெரிய வேண்டுமல்லவா?

போன மாதம் அவள் கேட்ட கேள்வி வேறு மாதிரி. மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, இப்போது கம்ப்யூட்டரில்தான் போடுகிறார்கள். பிள்ளை ஏன் பள்ளியை விட்டுப் போகிறது என்பதற்குத் திரையிலேயே காரணங்கள் வரிசையாக வருமாம், ஒன்றைத் தொட்டால் போதுமாம். அதையொட்டிப் பழைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கோப்பு அவள் கையில் சிக்கியிருக்கிறது.

"சார், டி.சி. கேட்டு அப்பா அம்மா குடுத்த லெட்டர் ஃபைல் ஒண்ணு பாத்தேன். எல்லா லெட்டரும் ஒரே கையெழுத்தா இருக்குது. உங்க கையெழுத்து மாதிரியே இருக்குது சார்."

"அவங்களுக்கு எழுத வராதும்மா. ஒத்தாசைக்கு நான்தான் எழுதிக் குடுப்பேன்."

"எல்லாத்துலயும் குடும்பச் சூழ்நிலை காரணமாகன்னே இருக்குதே சார். அதுவும் வருசா வருசம் ஜனவரி மாசமே வருது."

"அப்படித்தாம்மா அமையும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

"இன்னா, மூஞ்சி ஒருமாதிரி ஆயிடுச்சி?" என்றாள் மனைவி. கரண்ட் போய்விட்டது, வேர்க்கிறது என்றேன். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஸ்டெல்லாவுக்கு நான் சொன்னது பொய். உண்மையான பதிலை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். செஞ்சியில் எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டாம். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். என் வெட்கம் மட்டும் மாற்றாமல் அப்படியே இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது இளநிலை உதவியாளராக. தமிழ், இங்கிலீஷ் இரண்டு தட்டச்சிலும் மேல்நிலை பாஸ். ஆனாலும் எனக்குச் சோறு போட்டது கையெழுத்துதான். முதல் இரண்டு வருடம் மூத்த கிளார்க் ஒருவருக்கு ரிஜிஸ்டர் சுமந்து கழிந்தது. பிறந்த தேதியை எண்ணால் எழுதிய கையோடு எழுத்தாலும் எழுது, அடித்தல் திருத்தல் வந்தால் சிவப்பு மையில் திருத்திப் பக்கத்தில் கையெழுத்து வாங்கு என்பார். அங்க அடையாளம் என்ற கட்டத்தை மட்டும் பிள்ளையை எதிரில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். "பேரு மாறும், இனிஷியல் மாறும். மச்சமும் தழும்பும் எங்கயும் போவாதுய்யா" என்பது அவர் கணக்கு.

போகப் போக எனக்கு 'ஆபீஸ் சார்' என்று பெயர் வந்துவிட்டது. சிங்கவரத்திலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் என்னிடம்தான் எழுதி வாங்குவார்கள். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. அதனால் நான் நல்லவன் என்று ஊர் நம்பியது. ஊர் நம்பியதால் நானும் நம்பிவிட்டேன்.

எங்கள் தலைமையாசிரியரைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அட்டெண்டரைக்கூட 'சார்' என்றுதான் கூப்பிடுவார். பேசும்போது பேனாவின் மூடியைக் கழற்றுவார், மாட்டுவார். பேச்சு முடிந்தது என்றால் அந்தப் பேனாவை மேஜை விளிம்புக்கு நேராக, ஸ்கேல் வைத்த மாதிரி வைப்பார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் வாய் திறந்ததில்லை. எதையும் செய் என்று சொல்லவும் மாட்டார். "நீங்க பாத்துக்கோங்க சார்" என்பார், அவ்வளவுதான். அதட்டுகிற அதிகாரியிடம் மறுத்துப் பேச ஆசையாவது வரும். இவரிடம் அந்த ஆசையே வராது.

அவரும் பாவம்தான். ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் ஏழு பேர் பெயில். ஆய்வுக் கூட்டத்தில் நூறு சதவீதம் வராத பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்லி, மைக்கைக் கொடுத்துக் காரணம் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். கோப்புகளோடு நானும் போயிருந்தேன், வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும்வரை அவர் கோப்புகளையே புரட்டிக்கொண்டு வந்தார். பிறகு, "இந்த வயசுல பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்ச மாதிரி ஆயிட்டுது சார்" என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அடுத்த ஜனவரியில் ஒரு பென்சில் பட்டியல் ஆரம்பித்தது.

அது எப்படி நடக்கும் என்று விளக்கமாகவே சொல்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து மார்க் வந்ததும் வகுப்பு ஆசிரியர்கள் உட்கார்ந்து 'மெல்லக் கற்போர்' பட்டியல் போடுவார்கள். அதில் முட்டி மோதி முப்பத்தைந்து வாங்கிவிடுவார்கள் என்று தோன்றுகிறவர்களுக்கு மாலை வகுப்பும் சுண்டலும் கிடைக்கும். மீதிப் பேர் இன்னொரு பட்டியலுக்குப் போவார்கள். பழைய கேள்வித்தாளின் பின்பக்கம், தலைப்பு இல்லாமல், பென்சிலால் எழுதிய நாலைந்து பெயர். அதைத் தலைமையாசிரியர் என் பக்கம் நகர்த்துவார். "இவங்க வீட்டுச் சூழ்நிலையக் கொஞ்சம் விசாரிங்க சார்."

விசாரிப்பது என்றால் என்னவென்று முதல் வருடமே புரிந்துகொண்டேன். பெற்றோர் வருவதற்கு முன்பே நான் கடிதத்தை எழுதி வைத்துவிட வேண்டும். 'எங்கள் குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளை மேற்கொண்டு படிக்க வைக்க இயலாத நிலையில் உள்ளேன். ஆகவே என் சொந்த விருப்பத்தின்பேரில் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம். முதலில் ஒரு கிறுக்கல் தாளில் அப்பாவுக்கு வெளியூர் வேலை, அக்காவுக்குக் கல்யாணம் என்று விதவிதமாகக் காரணம் எழுதிப் பார்த்தேன். பிறகு குடும்பச் சூழ்நிலையிலேயே நின்றுவிட்டேன். சூழ்நிலை இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியலை நாமினல் ரோல் என்போம். அது மேலே போவதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் பெயிலாக முடியாது. நூறு சதவீதத்தின் சூட்சுமம் அவ்வளவுதான். டீக்கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் என எங்கே பார்த்தாலும், "உங்க ஸ்கூல் எத்தினி பர்சன்ட்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன்.

பவித்ரா ஒரு வருடத்துப் பட்டியலில் நான்காவது பெயர். சிங்கவரத்துப் பெண். அவள் அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், எப்போதாவதுதான் வருவார். அம்மா அஞ்சலைக்குக் கூலி வேலை, மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலை பிடுங்கப் போவாள். அமாவாசை வந்தால் மேல்மலையனூரில் கோயில் கூட்டத்தில் எலுமிச்சம்பழம் விற்பாள். பவித்ரா ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது ஸ்காலர்ஷிப் பாரம் எழுதிக் கொடுத்ததிலிருந்து அஞ்சலையை எனக்குத் தெரியும். எப்போது வந்தாலும், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மேஜையில் இரண்டு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுத்தான் போவாள்.

பெற்றோரை வரச் சொல்லி ஆள் அனுப்பிய நாள் அமாவாசை. அவள் மறுநாள் காலையில் மகளோடு வந்தாள், ராத்திரியெல்லாம் கூட்டத்தில் நின்ற அசதி முகத்தில் தெரிந்தது. தலைமையாசிரியர் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. உக்காருங்க."

"பரவால்ல சார். நிக்கறேன்."

"நீங்க உக்காந்தாத்தான் நானும் உக்காருவேன்."

அஞ்சலை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டீ வந்தது. அவள் செஞ்சியில் எத்தனையோ ஆபீஸ் வாசலில் மணிக்கணக்காக நின்றவள். பேர் சொல்லி அதட்டாமல், நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ கொடுத்த ஆபீஸ் எங்களுடையதுதான். அப்படி மரியாதை செய்தவர்களிடம் அவளால் எதை மறுத்துப் பேச முடியும்? இது தலைமையாசிரியருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

"பொண்ணு நல்ல பொண்ணும்மா. ஒழுக்கமான பொண்ணு. கணக்குதான் ஏற மாட்டேங்குது. அரையாண்டுல பதினாறு மார்க்."

"மல்லாட்ட புடுங்கறதுக்கு பத்து நாளு நான்தான் சார் இட்டுனு போயிட்டேன். அதுல வுட்டுப்போச்சி. இனிமேங்காட்டி ஒருநாள் நிறுத்த மாட்டேன் சார்."

"உங்க மேல தப்பில்லம்மா. ஸ்கூல்ல எழுதி பெயிலாயிட்டா பொண்ணு மனசு ஒடைஞ்சிடும். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. இப்ப டி.சி. வாங்கிட்டா டென்ஷன் இல்லாம வீட்ல இருந்து படிச்சி தனியா எழுதிக்கலாம். பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அஞ்சலை அவரைப் பார்த்தாள். பிறகு அலமாரி ஓரம் நின்றுகொண்டிருந்த என் பக்கம் திரும்பினாள்.

"ஆபீஸ் சார், நீங்க சொல்லுங்க. தனியா எழுதுனா இந்த வருசமே எழுதிடலாமா?"

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவதற்கு அறிவியல் செய்முறை வகுப்பில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், வகுப்புக்கும் போயிருக்க வேண்டும். அந்த வருடத்துக்கான பதிவு மழைக்காலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கையைத் தகவல் பலகையில் ஒட்டியவன் நான். கடைசி தேதி முடிந்ததும் கிழித்து எடுத்தவனும் நான்தான். ஜனவரியில் டி.சி. வாங்கிப் போகிற பெண் அந்த மார்ச்சில் எந்த வழியாகவும் பரீட்சை எழுத முடியாது. அந்த அறையில் இது நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன். தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கலாம், நினைவில் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

"எழுதலாம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே பலவிதமாகச் சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். முடியாது என்று சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. இன்க்ரிமென்ட்டும் நின்றிருக்காது. தலைமையாசிரியரின் முகம் கொஞ்சம் மாறியிருக்கும், அந்தப் பேனா மேஜையில் நேராகப் படுத்திருக்கும். அந்த முகம் மாறுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இவ்வளவு அற்பமான காரணத்துக்காகத்தான் சொன்னேன்.

கடிதத்தை அஞ்சலையின் முன்னால் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்துப் போட மட்டும் தெரியும். பின்னால் நின்றிருந்த பவித்ரா குனிந்து, உதடு அசையப் படித்தாள். பதினாறு மார்க் பெண் ஒரு இடத்திலும் திக்காமல் முழுக் கடிதத்தையும் படித்தாள்.

"சார், எங்கம்மா படிக்க வைக்க முடியாதுன்னு சொல்லவே இல்லியே சார்."

நான்தான் பதில் சொன்னேன். "அது வழக்கமா எழுதறதும்மா. ஒண்ணும் இல்ல."

"எங்கம்மா படிக்கணும்னுதான் சொல்லுது. சொந்த விருப்பம்னு போட்டிருக்குதே சார்."

"ஏய், சும்மா இருடி" என்றாள் அஞ்சலை. "சாருக்குத் தெரியாதா? தெரியாமயா எழுதுவாரு?"

பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். 'அ' பெரியதாக விழுந்தது. 'ஞ்' மேல் புள்ளியை மறந்து, நினைவு வந்து, திரும்பப் போய் வைத்தாள். 'ச'வுக்கும் 'லை'க்கும் நடுவே இடம் விட்டுப்போனது. முடித்ததும் டீயில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மகளிடம் கொடுத்தாள். பவித்ரா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

டி.சி. எழுத அந்தப் பெண்ணை என் மேஜைக்கு எதிரில் நிறுத்தினேன். முகவாயில் ஒரு தழும்பு. எப்படிப் பட்டது என்று கேட்டேன், பழக்கதோஷம். "சின்னதுல பம்ப்செட்டு தொட்டில வுழுந்துட்டேன் சார்" என்றாள். முகவாயில் ஒரு தழும்பு என்று எழுதினேன். நடத்தை என்ற இடத்தில் 'நன்று'. பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்'. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. கிழித்துக் கொடுத்தேன்.

அஞ்சலை அன்றைக்கும் இரண்டு எலுமிச்சம்பழத்தை மேஜையில் வைத்தாள். அமாவாசைக்கு விற்று மிஞ்சியது என்றாள். அவர்கள் வெளியே போகும்போது வராந்தா பெஞ்சில் இன்னொரு அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், மதிய இடைவேளை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டைத் தாண்டிப் பவித்ரா தனியாக வருகிறாள். கையில் டி.சி. கவர். எங்கேயோ போய் விசாரித்துவிட்டு வருகிறாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் எழுந்து ரிக்கார்டு அறைக்குள் போய்விட்டேன். அட்டெண்டரிடம், "டி.இ.ஓ. ஆபீஸ் போயிருக்கேன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே, ஐம்பது வயது தாண்டிய மனிதன், தும்மல் வந்துவிடக் கூடாதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எப்ப வருவாரு?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அந்த வருடம் நூறு சதவீதம். கூட்டுரோட்டில் ஃப்ளெக்ஸ் கட்டினோம். ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியருக்குக் கை தட்டினார்களாம். பள்ளியில் லட்டு கொடுத்தார்கள். அலுவலகப் பணியில் ஒத்துழைத்தவர் என்று எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். லட்டை ருசித்துத்தான் சாப்பிட்டேன். என் மகளும் அந்த வருடம் வேறொரு பள்ளியில் பத்தாவதுதான். காலாண்டில் அவளும் கணக்கில் பெயில். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாரே, பவித்ராவின் பெயரைப் பட்டியலுக்குச் சொன்ன அதே மனிதர், மூன்று மாதம் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். என் மகள் அறுபத்தெட்டு வாங்கினாள். பவித்ராவுக்கும் அப்படி மூன்று மாதம் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

அதோடு இந்தக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நிறுத்தவில்லை. அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போகும்வரை வருடா வருடம் எழுதினேன். புதிதாக வந்தவர் பென்சில் பட்டியல் கொடுக்கவில்லை, அதனால் நின்றது. என் பிரிவு உபசார விழாவில் பேசிய எல்லோரும் என் முத்து முத்தான கையெழுத்தைப் புகழ்ந்தார்கள். மேடையில் என்னால் உட்கார முடியவில்லை. வெயில் என்று நினைத்து யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

போன வாரம் ஸ்டெல்லா மறுபடி கூப்பிட்டாள். பழைய மாணவி ஒருத்தி டி.சி. நகல் கேட்டு வந்திருக்கிறாள், அந்த வருடத்து டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையைக் காணோம், கொஞ்சம் வர முடியுமா என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அலமாரியின் மேல்தட்டில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினால் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். பக்கத்தில் மூன்று வயதுக் குழந்தை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு முகவாயைப் பார்த்தேன்.

"ஆபீஸ் சார், நல்லா இருக்கீங்களா? நான் பவித்ரா சார். சிங்கவரம்."

அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூரை ஒழுகி டி.சி. நனைந்து கூழாகிவிட்டது என்றாள். அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறாளாம், பத்தாவது பாஸ் செய்தால் மேலே போக வழி இருக்கிறதாம். இந்த முறை செய்முறை வகுப்புக்குப் பெயர் பதிய இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் நகல் வேண்டும் என்றாள். கடைசி தேதியை அவளே விசாரித்து வைத்திருந்தாள்.

"ஒரு மனு எழுதித் தரணுமாம் சார். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. உங்க கையெழுத்து அழகா இருக்கும்."

ஸ்டெல்லா ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினாள். அவள் மேஜையில் அந்தக் கோப்பு திறந்திருந்தது, அஞ்சலையின் கடிதம் மேலாகத் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் 'அனுப்புநர்' என்று எழுதினேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"அம்மா போயி ரெண்டு வருசம் ஆவுது சார்." குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "கடைசி வரைக்கும் அதையேதான் சார் சொல்லிட்டு இருந்துச்சி. உன்ன படிக்க வைக்க முடியாதுன்னு நானே எழுதிக் குடுத்துட்டனேன்னு. நீ எங்க எழுதின, சும்மா கையெழுத்துதான போட்டேன்னு சொன்னாக்கூட கேக்காது. எழுதிக் குடுத்துட்டனே, எழுதிக் குடுத்துட்டனேன்னு அழும்."

நான் பேனாவுக்கு மூடி போட்டேன்.

"அந்த வருசமே எழுதலாம்னு போனேன் சார். பேர் பதியறது எப்பவோ முடிஞ்சிபோச்சின்னாங்க. உங்களக் கேக்கலாம்னு வந்தேன், நீங்க டி.இ.ஓ. ஆபீஸ் போயிருந்தீங்க. ஆபீஸ் சாருக்கும் தேதி தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாருன்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மாவும் ஆமாம்னுச்சி. அடுத்த வருசம் கம்பெனி வேலைக்குப் போயிட்டேன், அப்புறம் கல்யாணம்."

பேசாமல் எழுதி முடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். அவளுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. ஊர் என்னைப் பற்றி நம்புவதையே அவளும் நம்பிக்கொண்டு போயிருப்பாள். பொய் சொல்வதில் எனக்குப் பழக்கமும் உண்டு. ஆனால் அஞ்சலை செய்யாத தப்புக்கு அழுதுகொண்டே செத்துப்போயிருக்கிறாள். அவளை அழ வைத்த வாக்கியம் நான் எழுதியது.

"தெரியும்மா" என்றேன்.

"இன்னா சார்?"

"தேதி முடிஞ்சிபோச்சின்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் எழுதலாம்னு சொன்னேன். அந்த லெட்டரையும் உங்கம்மா வர்றதுக்கு முன்னாடியே நான் எழுதி வெச்சிட்டேன். உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு என்னோடது."

அன்றைக்கு ரிக்கார்டு அறையில் ஒளிந்து நின்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அதை இங்கேதான் எழுதுகிறேன்.

பவித்ரா என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஊரில் இறங்கிவிட்டவள் பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் முன்னால் இருந்த தாளை இழுத்துக்கொண்டாள்.

"குடுங்க சார். நானே எழுதிக்கறேன்."

நான் எழுதியிருந்த ஒற்றைச் சொல்லை அடித்துவிட்டு, அதன் கீழே தன் கையெழுத்தில் ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் எழுதினாள், ஆனால் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஸ்டெல்லா மனுவை வாங்கி முத்திரை குத்தி, நாளைக்கே நகல் தயாராகிவிடும் அக்கா என்றாள். பவித்ரா தலையாட்டினாள். பிறகு மேஜையில் திறந்திருந்த கோப்பைக் காட்டி, "அது எங்கம்மாவுதா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க்கா. ரிக்கார்டு, வெளிய குடுக்க முடியாது."

"வேணாம். ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன். அம்மா கைப்பட எழுதினது வீட்ல ஒண்ணுகூட இல்ல."

ஸ்டெல்லா என்னைக் கேட்கவில்லை, கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். பவித்ரா குழந்தையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் போனைப் பிடித்தாள். குழந்தையின் தலை குறுக்கே வந்தது. இறக்கி நிறுத்திவிட்டு, இடது உள்ளங்கையை விரித்து, நான் எழுதியிருந்த வரிகள் ஒன்றுகூடத் தெரியாதபடி அந்தக் கடிதத்தின் மேல் வைத்து மூடினாள். கீழே மிஞ்சியிருந்த அஞ்சலையின் கையெழுத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனாள்.